பச்சைத் தழும்பு

எங்கள் வீட்டுக்குள் ஒரு வருடம் வெயில் வரவில்லை.

செம்மண்டலத்தில் அப்போது நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டின் கூடத்து ஜன்னல் மேற்குப் பார்த்தது. மத்தியானம் மூன்று மணிக்கு மேல் வெயில் நேராக உள்ளே வந்து டிவியின் மேல் விழும். அரசாங்கம் கொடுத்த கலர் டிவிதான்; அந்த நேரத்தில் அதில் ஒரு கலரும் தெரியாது. அத்தையின் முகத்தில் தையல் பிரித்த மறுவாரம் அம்மா தன் பழைய நூல் புடவை ஒன்றை இரண்டாக மடித்து அந்த ஜன்னலில் ஆணியடித்துக் கட்டினாள். கூடம் இருட்டாகிவிட்டது. நான் நாலாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். டிவி நன்றாகத் தெரிந்ததால் எனக்கு அந்த ஏற்பாடு பிடித்துப்போனது.

அத்தை அப்பாவின் ஒரே தங்கை. காடாம்புலியூரில் முந்திரித் தோப்பு உள்ள குடும்பத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். கல்யாணமாகி மூன்றாவது வருடம் அவள் அரிவாள்மணையில் வழுக்கி விழுந்துவிட்டாள். இடது கண்ணுக்குக் கீழே ஆரம்பித்துத் தாடை வரைக்கும் வெட்டு. அங்கே யாரோ அவசரத்துக்குச் சாக்கு தைப்பதுபோலத் தைத்து அனுப்பியிருந்தார்கள். காயம் ஆறியபோது அது கயிறு மாதிரி தடித்து, கண்ணின் கீழ் இமையைத் தன்னோடு இழுத்துக்கொண்டது. தூங்கும்போதும் அந்தக் கண் முழுதாக மூடாது. எங்கள் வீட்டுக்கு வந்த புதிதில் அத்தைக்குப் பக்கத்தில் படுக்க எனக்குப் பயமாக இருந்தது. தூங்குகிறாளா, என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறாளா என்று சொல்ல முடியாது.

அரிவாள்மணையில் விழுந்த கதையை எங்கள் வீட்டில் எல்லாரும் ஒரே மாதிரி சொல்வோம். தெருவில் யாராவது கேட்டால் அப்பா சொல்வார். அப்பா ஷிப்டுக்குப் போயிருந்தால் அம்மா. இரண்டு பேரும் இல்லாவிட்டால் நான். "தரை ஈரமா இருந்துச்சாம்" என்பதுவரை ஒன்றும் விடாமல் சொல்லத் தெரிந்ததில் எனக்கு ஒரு பெருமை. அத்தையிடமே யாராவது கேட்டுவிட்டால் அவள் பதில் சொல்லாமல் உள்ளே போய்விடுவாள்.

சிதம்பரத்தில் ஒரு டாக்டரம்மா அந்தத் தழும்பை வெட்டி எடுத்துவிட்டு, புதிதாக, மெல்லிசாகத் தைத்தார். பிளாஸ்டிக் சர்ஜரி என்றார்கள். கன்னத்தில் எந்த இடத்தில் பிளாஸ்டிக் வைத்திருக்கிறார்கள் என்று தட்டிப் பார்க்க எனக்கு ஆசை. யாரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். தையல் பிரித்த அன்று என்னையும் கூட்டிப்போயிருந்தார்கள். கயிறு இருந்த இடத்தில் வளைந்து வளைந்து போகும் சிவப்புக் கோடு ஒன்று இருந்தது. கண் மற்றக் கண்ணைப் போலவே மூடித் திறந்தது.

"எப்படி ஆச்சுன்னு சொன்னீங்க?" என்று டாக்டரம்மா கேட்டார். கேட்டது அத்தையை. பதில் சொன்னது அப்பா. டாக்டரம்மா அத்தையின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு டாக்டரம்மா வெயிலைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

"இது பச்சைத் தழும்பு. இப்ப இதுல வெயில் பட்டா கறுத்துப்போயிடும். அப்புறம் அந்தக் கறுப்பு போறது கஷ்டம். ஒரு வருசத்துக்கு வெளிய போறப்ப கிரீம் போட்டுக்குங்க, குடை பிடிங்க, முக்காடு போடுங்க. பத்து மணியிலேருந்து நாலு மணி வரைக்கும் வெளிய போகாம இருந்தா இன்னும் நல்லது."

அப்பா இதை ஒரு வேலையாகவே எடுத்துக்கொண்டார். கெமிக்கல் கம்பெனியில் ஷிப்ட் சூப்பர்வைசராக இருந்தவருக்கு எதையும் முறையாகச் செய்தால்தான் திருப்தி. சிதம்பரத்துக்குப் போகும் பஸ்ஸில் எந்தப் பக்கம் உட்கார வேண்டும் என்பதைக்கூட யோசித்து வைத்திருந்தார். காலையில் தெற்கே போகும்போது வெயில் இடப்பக்கம் விழும், அதனால் வலப்பக்கம். சாயங்காலம் வடக்கே திரும்பும்போது மேற்கு வெயிலும் இடப்பக்கம்தான். அதனால் அப்போதும் வலப்பக்கம். போகும்போதும் வலப்பக்கம் வரும்போதும் வலப்பக்கம் என்றால் சூரியன் பஸ்ஸைச் சுற்றிக்கொண்டு வருகிறதா என்று நான் ரொம்ப நாள் குழம்பியிருக்கிறேன்.

காடாம்புலியூரிலிருந்து இரண்டு பெரியவர்களும் மாமாவும் வந்து பேசியது அந்த மாதத்தில்தான். மாமா என்றால் அத்தையின் வீட்டுக்காரர். அவர் வரும்போதெல்லாம் ஒரு பலாப்பழம் கொண்டுவருவார். கையில் எண்ணெய் தடவிக்கொண்டு அவரே கூடத்தில் சாக்கை விரித்து அறுப்பார். சுளையை எடுத்துக் கொட்டை நீக்கி முதலில் எனக்குத்தான் தருவார். எனக்கு அவரை மிகவும் பிடிக்கும். பழம் அறுக்கும் நேரத்தில் அத்தை பின்பக்கம் போய்விடுவாள். வாசனை பிடிக்காது போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

அன்றைக்குப் பேச்சு நீண்டுகொண்டே போனது. முந்திரிக்கொட்டை பொறுக்கவும் உடைக்கவும் ஆள் கிடைக்கவில்லை, குடும்பம் என்றால் எல்லாம்தான் இருக்கும் என்றார்கள். அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "டாக்டரு ஒரு வருசம் வெயில் ஆவாதுன்னு சொல்லிட்டாங்க மாப்ள. தோப்பு வேலைன்னா வெயில்லதான் நிக்கணும். ஒரு வருசம் ஆவட்டும். தழும்பு மறைஞ்சதும் நானே அனுப்பி வைக்கிறேன்" என்றார். டாக்டரே சொன்ன பிறகு பெரியவர்களால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. மாமாவும் தலையாட்டினார்.

அவர்கள் போனதும் அத்தை என்னைக் கூப்பிட்டாள். "குட்டி, அடுத்த வருசம் பிப்ரவரியில ஒரு நாள் ஜாஸ்தியா பாரு."

காலண்டரில் அடுத்த வருடம் இருக்காது. ஆனால் லீப் வருடம் எப்படிக் கண்டுபிடிப்பது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நாலால் வகுத்துப் பார்த்து, ஆமாம் என்றேன். அத்தை சிரித்தாள். எங்கள் வீட்டுக்கு வந்தபின் அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. கணக்கைச் சரியாகப் போட்டதற்காக என்று எடுத்துக்கொண்டேன்.

டாக்டரம்மா சொன்னதைவிட அத்தை அதிகமாகவே செய்தாள். தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்க விடிவதற்கு முன்னால் போய் வந்துவிடுவாள். வீட்டுக்குள் இருக்கும்போதும் கிரீம். அது சுண்ணாம்பு மாதிரி வெளுத்து நிற்கும். ஐப்பசி கார்த்திகை மழையில் வாரக்கணக்காக வெயிலே இல்லாத நாட்களில்கூட வாசலைத் தாண்ட மாட்டாள். "வெளிச்சமே ஆவாதுன்னாங்க" என்பாள். அப்படி யாரும் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். நான்தான் கூட இருந்தேனே. தெருவில், சினிமாவில் நடிக்கப் போகிறாளோ என்று பேசிக்கொண்டார்கள். நானும் அத்தைக்கு அழகு மேல் அவ்வளவு ஆசை என்றுதான் எண்ணியிருந்தேன்.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அந்தக் கோட்டின் மேல் களிம்பு போட்டு விரல் நுனியால் வட்டம் வட்டமாகத் தேய்த்துவிடுவது என் வேலை. அது மாறிக்கொண்டே வந்ததை என்னைப் போல யாரும் பக்கத்திலிருந்து பார்த்திருக்க மாட்டார்கள். செங்கல் நிறத்திலிருந்து ரோஜா நிறம். தைப்பொங்கலுக்குப் பிறகு அதுவும் வெளுக்கத் தொடங்கியது. "போயிட்டே இருக்கு அத்தை!" என்று ஒவ்வொரு வாரமும் உற்சாகமாகச் சொல்வேன். அத்தை, "அப்பிடியா" என்பாள்.

பங்குனிக் கடைசியில் மறுபடி சிதம்பரம் போனோம். டாக்டரம்மா ஜன்னலோரம் நிற்கவைத்துப் பார்த்தார். "ரொம்ப நல்லா ஆறியிருக்கு. ரெண்டடி தள்ளி நின்னா தெரியவே இல்ல" என்றார். அப்பாவுக்கு வந்த சந்தோஷத்தில் எங்களை மேலவீதியில் ஓட்டலுக்குக் கூட்டிப்போய் அளவில்லாச் சாப்பாடு வாங்கிக்கொடுத்தார். அத்தை சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தாள். திரும்பும் பஸ்ஸில் அப்பா வலப்பக்கம் இடம் பிடித்து வைத்திருக்க, அவள் இடப்பக்கம் போய் ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

"அந்தப் பக்கம் வெயிலும்மா" என்றார் அப்பா.

"இருக்கட்டும்ணே. காத்து வருது."

அடுத்த வாரம் மாமா பலாப்பழத்தோடு வந்தார். அத்தையின் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பி, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்தார். "நல்லா மறைஞ்சுபோச்சே மச்சான். இனிமே யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க" என்றார். வைகாசியில் நல்ல நாள் பார்த்து அனுப்புவதென்று முடிவானது.

அக்னி நட்சத்திரத்தில் அம்மா வருடாவருடம் வடகம் போடுவாள். விடியற்காலையில் கூழ் காய்ச்சி, மொட்டைமாடியில் பழைய வேட்டியை விரித்து முறுக்கு அச்சில் பிழிவது. காக்காய் விரட்ட நான் குச்சியோடு தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்திருப்பேன். அந்த வருடம் அத்தை, "நான் பாத்துக்கறேன் அண்ணி. குட்டி டிவி பாக்கட்டும்" என்றாள். அம்மா அவளை ஒரு நிமிடம் பார்த்தாள். குச்சியை எடுத்து அவளிடம் கொடுத்தாள்.

டிவி பார்த்துக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. நான் மாடிக்குப் போனேன். தரை காலைச் சுட்டது. குதித்துக் குதித்துப் போக வேண்டியிருந்தது. அத்தை தண்ணீர்த் தொட்டி நிழலில் இல்லை. நட்டநடுவில் ஒரு பக்கெட்டைக் கவிழ்த்துப்போட்டு அதில் உட்கார்ந்திருந்தாள். முக்காடு இல்லை. குடை இல்லை. கண்ணை மூடி, முகத்தை அண்ணாந்து, சவரக் கடையில் உட்கார்ந்திருப்பவரைப் போல இடது கன்னத்தை மேலே காட்டிக்கொண்டிருந்தாள். தழும்பின் மேல் மட்டும் தேங்காயெண்ணெய் பளபளத்தது.

"அத்தை! வெயிலு!"

கண்ணைத் திறக்காமல், "தெரியும்" என்றாள்.

"டாக்டரம்மா திட்டுவாங்க."

"திட்டட்டும்."

நான் கீழே ஓடினேன். அம்மா அடுப்பில் எதையோ கிளறிக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்கச் சொன்னேன். அம்மா திரும்பவில்லை.

"காக்கா வந்துச்சா?"

"வரல."

"அப்ப சரி. நீ போய் வெளையாடு."

அன்று சாயங்காலம் அம்மா மறுநாளைக்கும் அரிசி ஊறவைத்தாள். அதற்கு மறுநாளைக்கும். வடகம் போடுவதென்றாலே முதுகு விட்டுப்போகிறது என்று புலம்புகிறவள், அந்தக் கத்திரி முடியும்வரை வாய் பேசாமல் பிழிந்துகொண்டே இருந்தாள். அரிசி வடகம், ஜவ்வரிசி வடகம், கடைசியில் மோர்மிளகாய். தெருவில் பாதி வீடுகளுக்குக் கொடுத்தும் மிச்சம் இருந்தது. அவர்கள் இரண்டு பேரும் இதைப் பற்றி ஒரு வார்த்தையாவது பேசிக்கொண்டார்களா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அம்மாவிடம் கேட்டால், "அந்த வருசம் நல்ல வெயிலு" என்பாள்.

அப்பாவுக்கு அந்த மாதம் ஓவர்டைம். வீட்டுக்கு வரும்போது இருட்டியிருக்கும், பாதி நாள் கரண்டும் இருக்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில்தான் பார்த்தார். கண்ணுக்குக் கீழேயிருந்து தாடை வரைக்கும், கரித்துண்டால் கோடு போட்டதுபோல இருந்தது. அப்பா முதலில் அழுக்கு என்று நினைத்து, "முகத்தைக் கழுவும்மா" என்றார். பிறகு பக்கத்தில் வந்தார். பிறகு உள்ளே போய்க் கிரீமை எடுத்துக்கொண்டு வந்து, அத்தையை எதிரே உட்காரவைத்து, தானே விரலால் தடவ ஆரம்பித்தார். அவர் அப்படித் தங்கையின் முகத்தைத் தொட்டு நான் பார்த்ததில்லை. கிரீம் காதிலும் கழுத்திலும் பட்டது.

"விடுங்கண்ணே" என்றாள் அத்தை.

"எவ்வளவு நல்லா மறைஞ்சிருந்துச்சு. இப்பிடி ஆயிடுச்சே. நாலு பேரு கேப்பாங்கம்மா."

"கேக்கட்டும்ணே."

அப்பாவின் விரல் நின்றது. அவர் கிரீமின் மூடியைத் தேடி எடுத்து, திருகி மூடி, எழுந்து வெளியே போய்விட்டார். அப்பா கெட்டவர் இல்லை. தழும்பு மறைந்தால் நடந்ததும் மறைந்துவிடும் என்று அவர் உண்மையாகவே நம்பினார் என்று இப்போது தோன்றுகிறது. நம்புவதைத் தவிர அவருக்கு வேறு வழி தெரியவில்லை.

மறுநாள் மாமாவுக்கு போன் செய்து, தழும்பு கறுத்துவிட்டது, இன்னொரு வருடம் வைத்தியம் பார்க்க வேண்டியிருக்கும் போலிருக்கிறது என்று அப்பா சொன்னார். அத்தை சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றைக்கு ராத்திரி அவள் நன்றாகச் சாப்பிட்டாள்.

இரண்டாம் நாள் மாமா வந்துவிட்டார். பழம் கொண்டுவரவில்லை. அத்தையை வாசலுக்குக் கூப்பிட்டு, தாடையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். சிரித்தார்.

"இதுக்கா மச்சான் இன்னொரு வருசம்? கறுத்தா கறுத்துட்டுப் போவுது. எங்க வூட்டுல யாரு இவ மூஞ்சியப் பாத்துக்கினு உக்காந்திருக்கப் போறாங்க?"

அத்தை உள்ளே போய்ப் பையில் புடவைகளை அடுக்கினாள். அம்மா ஒரு தூக்குப்போசி நிறைய வடகம் கட்டிக் கொடுத்தாள். அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் விடாமல் இருந்தாள். மாமா செருப்பைப் போட்டுக்கொண்டு நின்றார்.

திருப்பாதிரிப்புலியூர் பஸ் ஸ்டாண்டு வரை அப்பாவும் நானும் போனோம். பண்ருட்டி பஸ் இன்னும் வரவில்லை. பெஞ்சில் அத்தைக்குப் பக்கத்தில், மடியில் பூக்கூடையோடு ஒரு அம்மா உட்கார்ந்திருந்தாள். அத்தையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கேட்கிறவர்கள் எப்போதும் கேட்பதுபோலக் கேட்டாள்.

"இன்னாம்மா அது மூஞ்சில? தீப்பட்டுதா?"

அத்தை எழுந்து போகவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

"இல்லக்கா. வூட்டுக்காரரு பலாப்பழக் கத்தியால வெட்டுனது. தோ, நிக்கிறாரே, அவுருதான்."

பூக்கார அம்மா மாமாவைப் பார்த்தாள். எதிர்ப்பெஞ்சில் இருந்தவர்களும் பார்த்தார்கள். மாமா பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார். அப்பா பஸ் வரும் திசையையே பார்த்தார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. அத்தை தப்பாகச் சொல்கிறாள். எல்லாரும் அதை நம்பிவிடப் போகிறார்கள்.

"இல்லீங்க" என்றேன் உரக்க. "அத்தை அரிவாள்மணையில வழுக்கி வுழுந்துட்டாங்க. தரை ஈரமா இருந்துச்சாம்."

அத்தை என்னைப் பார்த்தாள். கோபமில்லை. என் தலையைத் தடவிக்கொண்டே அந்த அம்மாவிடம், "அது அவுங்க வூட்டுல சொல்ற கதை, அக்கா" என்றாள்.

பஸ் வந்தது. ஏறி, வெயில் அடித்த ஜன்னலோரமாகப் பார்த்து உட்கார்ந்தாள்.

அதற்குப் பிறகு அத்தை எங்கள் வீட்டில் வந்து தங்கியதில்லை. இரண்டு வருடம் பொங்கலுக்கு அப்பா சீர் கொண்டுபோனார். போய்விட்டு வந்து சரியாகச் சாப்பிட மாட்டார். மூன்றாவது பொங்கலுக்கு முன்னால் அவள் ஒடிந்த கையோடு அந்த வீட்டைவிட்டுக் கிளம்பிவிட்டாள் என்று தகவல் வந்தது. எங்களிடம் வருவாள் என்று அம்மா ஜன்னலில் அந்தப் புடவையைத் துவைத்துக் கட்டி வைத்திருந்தாள். வரவில்லை. சிதம்பரத்தில் ஒரு பெண்கள் விடுதியில் சமையல் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். அப்பா பார்க்கப் போனபோது கேட்டுக்கு வெளியே வந்து, நின்றபடியே, எல்லாரும் நல்லாயிருக்கீங்களா என்று கேட்டுவிட்டு, உலை வைத்திருக்கிறது என்று உள்ளே போய்விட்டாளாம். தழும்பு அப்படியேதான் இருக்கிறது என்றார்.

அன்றைக்கு பஸ் போன பிறகு அப்பாவும் நானும் நடந்து வந்தோம். அவர் என் கையைப் பிடித்திருந்தார். ஒரு கடை வாசலில் திடீரென்று நின்று, நான் கேட்காமலே ஒரு கப் ஐஸ் வாங்கி என் கையில் கொடுத்தார். தொண்டை கட்டிக்கொள்ளும் என்று அதுவரை ஒரு தடவைகூட வாங்கித் தராதவர். நாங்கள் சொல்லிவந்ததை அத்தனை பேர் முன்னாலும் நான் சரியாகச் சொன்னதற்குத்தான் என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. அப்பா வேறு பக்கம் திரும்பிக்கொண்டு நின்றார். நான் அவசரப்படாமல், மரக்கரண்டியால் சுரண்டிச் சுரண்டி, அடி வரைக்கும் சாப்பிட்டேன்.